புழு போன பாதை

திருட்டுக் கொடுத்தவர்கள் அழுவார்கள், ஆத்திரப்படுவார்கள், அக்கம்பக்கத்தாரைச் சந்தேகப்படுவார்கள். திருடு போன பொருளை மடியிலேயே வைத்துக்கொண்டு புகார் கொடுக்க வந்த ஆளை லொடுக்கு அன்று காலையில்தான் முதன்முதலாகப் பார்த்தான்.

"புத்தகம் என்கிட்டதான் இருக்கு. ஆனா திருடிட்டாங்க," என்றார் வந்தவர்.

லொடுக்கு அக்காவைப் பார்த்தான். அக்கா கண்ணாடியின் காம்பால் காதைச் சொறிந்துகொண்டு, மேலே சொல்லுங்கள் என்பதுபோல் தலையை அசைத்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், துப்பறியும் நிலையம் தொடங்கியவர் அக்கா. அவருடைய உதவியாளன் லொடுக்கு. அந்தப் பெயர் அவனுடைய ஸ்கூட்டரால் வந்ததா வாயால் வந்ததா என்பதில் அந்த அலுவலகத்திலேயே இரண்டு கட்சி உண்டு.

வந்தவர் பழம்பொருள் சேகரிப்பவர். அவர் உள்ளே நுழைவதற்கு முன்பே அவர் பூசியிருந்த வாசனை நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டதால், லொடுக்கு அவருக்கு மனதுக்குள் 'அத்தர்' என்று பெயர் சூட்டினான். பட்டுத் துணி வைத்த பெட்டியில் இருந்தது அந்தப் புத்தகம். ஆற்றுப் பாலத்துக் காவல்காரர்கள் அந்தக் காலத்தில் தினமும் நீர்மட்டத்தை எழுதிவைத்த குறிப்புகளில் நாலாம் தொகுதி. பெருவெள்ளம் வந்த வருஷங்கள் அதற்குள்தான் இருக்கின்றன. உலகத்திலேயே இது ஒன்றுதான் என்றார் அத்தர்.

"வாங்க வந்தவர் திடீர்னு வேண்டாங்கறார். ஏன்யான்னா, 'அதான் நகர நூலகத்து வெப்சைட்ல ஓசியிலயே கிடைக்குதே'ங்கறார்! என் இரும்புப் பீரோவைத் திறந்து, பக்கம் பக்கமா படம் பிடிச்சிட்டு, திரும்ப வச்சிட்டுப் போயிருக்காங்க. அந்த நூலகத்து அம்மா வேலைதான். சாயங்காலம் ஊர்ல இருக்கற மூணு நூலகமும் சேர்ந்து இதைப் பத்திக் கூட்டம் போடறாங்க. அதுக்குள்ள நீங்க நிரூபிக்கணும்."

"வெப்சைட்டை நீங்க பாத்தீங்களா சார்?" என்றார் அக்கா.

"ஓசிச் சரக்கை நான் கண்ணால கூடப் பார்க்க மாட்டேன்."

பின்னால் அவரைக் கவிழ்த்தது இந்த வீம்புதான்.

நகர நூலகத்தில் நூலகர் அம்மா தன் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தார். ஒரு துணிப்பையில் சால்வை, நாற்காலிக் குஷன், குடும்பப் படம் எல்லாம் ஏறியிருந்தன. மேலே ஒரு எவர்சில்வர் டம்ளர் எட்டிப் பார்த்தது.

"வாங்க. கைவிலங்கு கொண்டு வந்திருக்கீங்களா?" என்றார்.

"ஸ்கூட்டர்ல இடம் இல்லீங்க மேடம்," என்றான் லொடுக்கு.

அவர் சிரிக்கவில்லை. ஆனாலும் உட்காரச் சொன்னார். லொடுக்குக்கு அந்த அம்மாவைப் பார்த்ததுமே பிடித்துப்போய்விட்டது. எதிரணி ஆளைப் பிடித்துப்போவது இந்தத் தொழிலில் பெரிய இடைஞ்சல்.

கதை இதுதான். ஒரு தலைமுறைக்கு முன்னால் நகர நூலகத்தின் கூரை ஒழுகியது. நனையாமல் இருக்க அலமாரிகளில் பாதியை வணிகர் சங்க நூலகத்துக்கு அனுப்பினார்கள். போனவை திரும்பவில்லை. நீர்மட்டக் குறிப்புகளில் முதல் மூன்று தொகுதிகள் இங்கே, ஐந்தும் ஆறும் அங்கே. நாலாவதை நீங்கள்தான் விழுங்கிவிட்டீர்கள் என்று இவர்கள் அவர்களைச் சொல்ல, அவர்கள் இவர்களைச் சொல்ல, இரண்டு நூலகமும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. மூன்றாவதான கல்லூரி நூலகமோ இருவரையும் மதிப்பதில்லை. ஓரகத்திகளை ஒரே அடுப்படியில் விட்டதுபோல் இருந்த இந்த மூன்றையும் ஒரே மேஜையில் உட்காரவைக்க நூலகர் அம்மா பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. இப்போது மூன்றுக்கும் சேர்த்து ஒரே வெப்சைட். பழைய ஆவணம், ஆராய்ச்சிக் கட்டுரை, வரைபடம் எதுவானாலும் ஒரு காசு கொடுக்காமல், யாரிடமும் சிபாரிசுக்குப் போகாமல், தலைகூட வாராமல் வீட்டில் உட்கார்ந்து யாரும் படிக்கலாம்.

"இப்ப அதுக்குத்தான் ஆபத்து," என்றார் அவர். "வணிகர் சங்கத் தலைவர் ஒரு ஷரத்துப் போட்டாத்தான் சேருவேன்னார். வெளியாள் யாராவது ஒரு புத்தகத்துக்கு உரிமை கொண்டாடி, அது அவரோடதுதான்னு ஆயிடுச்சுன்னா, மொத்த வெப்சைட்டையும் மூடிடணும். என் வேலை போனா போகட்டும். தெறந்த கதவைத் திரும்பச் சாத்துவாங்க பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல."

"நாலாம் தொகுதி எப்படி வந்துச்சு?" என்றார் அக்கா.

"கூடையில வந்துச்சு. மூணு நூலகமும் எடுக்கிற படமெல்லாம் கம்ப்யூட்டர்ல ஒரு பொதுக் கூடையில வந்து விழும். நான் தலைப்பைப் பார்த்து அந்தந்த இடத்துல சேர்ப்பேன். ஒருநாள் நாலாம் தொகுதி வந்து கெடந்தது. வணிகர் சங்கத்துக்காரங்க மனசு மாறி அனுப்பிட்டாங்கன்னு நெனச்சேன். அவங்களைக் கேக்கல."

"ஏன்?"

"கேட்டா குத்திக் காட்டின மாதிரி ஆயிடும்ல? இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கோம்."

அக்கா கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தார். நாலாம் தொகுதியின் பக்கங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. லொடுக்கு திரையில் ஒரு கரும்புள்ளியைப் பார்த்தான். தூசி. சட்டைக் கையால் துடைத்தான். அடுத்த பக்கத்திலும் அதே இடத்தில் தூசி. மறுபடியும் துடைத்தான்.

"திரையை விட்டுட்டு ஓரத்தைப் பாரு," என்றார் அக்கா. "மத்த தொகுதியெல்லாம் பக்கத்தைச் சுத்திக் கறுப்பா இருக்கு. இதுல மட்டும் பச்சை."

"ஸ்கேன் மெஷின் தட்டு கறுப்புதான்," என்றார் நூலகர் அம்மா. "மூணு இடத்துலயும் ஒரே மாதிரி மெஷின்."

"அப்ப இது மெஷின்ல எடுத்தது இல்ல. மேஜை மேல வச்சு கேமரால எடுத்திருக்காங்க. பச்சை ரப்பர் விரிப்பு. கத்தியால கீறின கோடு. பக்கத்துலயே டம்ளர் வச்ச வட்டக் கறை." அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "புத்தகத்துக்குப் பக்கத்துல கத்தியும் டீயும் வச்சுக்கிட்டு வேலை பாக்கற தைரியசாலி உங்க மூணு நூலகத்துல யாரு?"

நூலகர் அம்மா யோசிக்கவே இல்லை. "கல்லூரி நூலகத்துல பழுது பாக்கறவங்க. ஊரே அவங்களைப் புத்தக டாக்டர்னு சொல்லும். ஊர் சொல்லலைன்னாலும் அவங்களே சொல்லிக்குவாங்க."

கல்லூரி நூலகத்தின் கீழ்த்தளத்தில் பசை வாசனை அடித்தது. அலமாரி நிறைய நோயாளிகள். ஒன்றுக்கு முதுகில் கட்டு, ஒன்றுக்கு மூலையில் பிளாஸ்திரி. நடுவில் பச்சை விரிப்பு போட்ட மேஜை. அதில் கத்திக் கீறலும் வட்டக் கறையும் அச்சு அசலாக அப்படியே இருந்தன. கறையின்மேல் கச்சிதமாக ஒரு டம்ளர் டீ வேறு உட்கார்ந்திருந்தது.

"மாட்டிக்கிட்டீங்க டாக்டர். நீர்மட்டக் குறிப்புல நாலாம் தொகுதி," என்றான் லொடுக்கு.

புத்தக டாக்டர் பதறவில்லை. "நாலாம் தொகுதியா? நான்தான் படம் எடுத்தேன். வெளியாளுங்க புத்தகத்தையும் பழுது பார்த்துத் தரலாம்னு கல்லூரியே சொல்லியிருக்கு. கை வைக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு படம், முடிச்சப்புறம் ஒரு படம். இல்லேன்னா பழைய கிழிசலை நான் கிழிச்சேன்னு சொல்லிடுவாங்க."

"படம் எங்க போகும்?"

"கூடைக்கு. மூணு நூலகமும் ஒண்ணானப்ப, எடுக்கற படமெல்லாம் தானா கூடையில விழற மாதிரி கேமராவை மாத்திட்டுப் போனாங்க." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். "ஐயையோ. வெளியாள் புத்தகமும் விழுமே."

"ரெண்டாவது தடவை எடுத்த படங்க?"

"ஒரே புத்தகம் மறுபடி வந்தா கூடை ஏத்துக்காது. தள்ளிடும்."

ஆக, பீரோவை யாரும் திறக்கவில்லை. யாரும் திருடவில்லை. அக்கா மெதுவாகக் கேட்டார்: "கொண்டு வந்து கொடுத்தது யாரு?"

"ஒரு தம்பி. 'எங்க அக்கா வீட்டுக்காரரோட புத்தகம்'னார். பெட்டியைத் திறந்ததும் பாருங்க, ரூமே கமகமன்னு ஆயிடுச்சு. எனக்குப் பசை வாசனையே தெரியல."

லொடுக்கும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நம்ம கட்சிக்காரரே தன் மச்சான் கையில குடுத்து அனுப்பியிருக்கார்!" என்று லொடுக்கு துள்ளினான். "அந்த அம்மா தப்பிச்சாச்சு. வாங்கக்கா, போய் டீ சாப்பிடலாம்."

"தப்பிக்கல. புத்தகம் அவரோடதுன்னா, எப்படி வந்திருந்தாலும் ஷரத்துப்படி வெப்சைட்டை மூடணும்." அக்கா டாக்டர் பக்கம் திரும்பினார். "புத்தகத்துக்கு என்ன நோய்?"

"ஓட்டை. ஒரு புழு, அட்டையிலேர்ந்து அட்டை வரைக்கும் நேரா சுரங்கம் தோண்டியிருந்துச்சு. பக்கத்துக்குப் பக்கம் அதே பழுப்பு நிறத்துல காகிதம் வச்சு அடைச்சேன். எவனாவது கண்டுபிடிச்சா நான் இந்தத் தொழிலையே விட்டுடறேன்."

லொடுக்கு தன் சட்டைக் கையைப் பார்த்தான். காலையில் இருந்து அவன் துடைத்தது தூசியை அல்ல.

அக்கா அவனுடைய போனை வாங்கினார். "அட்டையிலேர்ந்து அட்டை வரைக்கும்னா, புழு எங்கேயோ ஆரம்பிச்சு எங்கேயோ போயிருக்கு. பக்கத்து வீட்டைப் பார்ப்போம்." மூன்றாம் தொகுதியின் கடைசிப் பக்கம் வந்தது. பளிச்சென்று இருந்தது. ஐந்தாம் தொகுதியின் முதல் பக்கம். அதுவும் பளிச். அக்காவின் முகம் தொங்கிப்போனது. லொடுக்குக்குப் பொறுக்கவில்லை. அக்கா தோற்று அவன் பார்த்ததில்லை.

அக்கா எதிரில் இருந்த அலமாரியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை அவனிடமே நீட்டிவிட்டு எழுந்து போய், வரிசையில் இருந்த ஒரு புத்தகத்தை விரலால் பாதி இழுத்தார். திரும்ப உள்ளே தள்ளினார். இன்னொரு தடவை இழுத்தார்.

"என் பேஷண்டைத் தொந்தரவு பண்ணாதீங்க," என்றார் டாக்டர்.

"லொடுக்கு, மூணாம் தொகுதியோட முதல் பக்கத்தைத் தெற. அஞ்சோட கடைசிப் பக்கத்தையும்."

திறந்தான். திறந்தவன் தன்னையறியாமல் போனைச் சட்டையில் துடைத்தான். அன்று முதல் தடவையாக அக்கா சிரித்தார்.

"டாக்டர், சாயங்காலம் எங்ககூட வரணும். ஸ்கூட்டர்ல மூணு பேர் போகக் கூடாது. அதனால இவன் நடந்து வருவான்."

கூட்டம் நகர நூலகத்தின் பெரிய வாசிப்பறையில் நடந்தது. மேற்கு ஜன்னல்களில் மாலை வெயில். மேஜையின் ஒரு பக்கம் வணிகர் சங்கத் தலைவர்; கண்டிப்பைத் தவிர வேறு எதையும் முகத்தில் அனுமதிக்காத பெரியவர். பக்கத்தில் கல்லூரிக்காரர்கள். இன்னொரு பக்கம் அத்தர், பக்கத்தில் மச்சான். நூலகர் அம்மாவின் துணிப்பை அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தது.

"என் தாத்தா அந்தப் பாலத்துக் காவல்காரர்," என்று அத்தர் கணீரென்று தொடங்கினார். "அவர் எழுதின புத்தகம், எழுதினவர் வீட்டிலயே இருந்தது. எந்த நூலகத்து வாசப்படியையும் மிதிச்சதே இல்ல. நூலக முத்திரை எங்கேயாவது இருக்கா பாருங்க!"

முத்திரை இல்லை. முத்திரை இருக்கவேண்டிய முன்தாளே இல்லை. தலைவர் பெருமூச்சு விட்டார். "அப்ப ஷரத்துப்படி..."

"ஒரு நிமிஷம் ஐயா," என்றார் அக்கா. "சார், உங்க புத்தகத்துல எப்பவாவது புழு அரிச்சதுண்டா?"

"என் புத்தகத்துலயா? ஊசி முனையளவு ஓட்டை காட்டுங்க, இங்கேயே விட்டுட்டுப் போறேன்."

அக்கா கண் ஜாடை காட்ட, லொடுக்கு புரொஜக்டரைப் போட்டான். சுவரில் நாலாம் தொகுதி தெரிந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் மிளகளவு ஓட்டை. பிறகு மூன்றாம் தொகுதியின் முதல் பக்கம், ஐந்தாம் தொகுதியின் கடைசிப் பக்கம். மூன்றிலும் ஓட்டை அதே உயரத்தில், அதே அளவில்.

"மூணும் ஒண்ணை ஒண்ணு ஒட்டி நின்னப்ப ஒரே புழு போன பாதை இது," என்றார் அக்கா.

"நில்லுங்க," என்றார் தலைவர். "மூணோட கடைசிப் பக்கந்தானே நாலை ஒட்டி இருக்கும்? முதல் பக்கம் எப்படி ஒட்டும்?"

அத்தர் சிரித்தார். அக்கா பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் நூலகர் அம்மா எழுந்துவிட்டார். மேஜையில் இருந்த தடித்த அகராதிகள் மூன்றை வரிசையாக நிறுத்தி, முதுகைத் தலைவர் பக்கம் திருப்பினார். "ஐயா, அலமாரியில முதுகுதானே நம்மளைப் பாத்து நிக்கும். இடமிருந்து மூணு, நாலு, அஞ்சு. இப்ப மூணோட முன் அட்டை எந்தப் பக்கம் இருக்கு?"

தலைவர் குனிந்து பார்த்தார். வலது பக்கம். நாலின் பின் அட்டையை முட்டிக்கொண்டு நின்றது. ஆயுள் முழுக்கப் புத்தகங்களோடு இருந்தவர், இதைக் கவனித்ததே இல்லை. அவர் முகத்தில் கண்டிப்பு கொஞ்சம் இடம் விட்டது.

"உங்க தாத்தா வீட்டுப் புத்தகம்னா, புழு மூணைத் தின்னுட்டு, பஸ் பிடிச்சு உங்க வீட்டுக்கு வந்து நாலைத் தின்னுட்டு, மறுபடி பஸ் பிடிச்சு அஞ்சுக்குப் போச்சா சார்?" என்றான் லொடுக்கு. கல்லூரிக்காரர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

அத்தர் அசையவில்லை. பெட்டியைத் திறந்து புத்தகத்தை மேஜை மேல் வைத்தார். "சுவத்துல எதை வேணா காட்டலாம். கம்ப்யூட்டர்ல ஓட்டை போடறது பெரிய வித்தையா? நிஜப் புத்தகம் இதோ இருக்கு. எங்கே ஓட்டை?"

தலைவர் புரட்டினார். கல்லூரிக்காரர் பூதக்கண்ணாடி வைத்துப் புரட்டினார். நூலகர் அம்மா விரலால் தடவிப் பார்த்தார். ஓட்டையும் இல்லை, ஓட்டை இருந்த சுவடும் இல்லை. அறையில் சிரிப்பு அடங்கியது. நூலகர் அம்மாவின் கை, தானாகவே துணிப்பையின் காதைப் பிடித்தது.

பின்வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"குடுங்க இங்க," என்று புத்தக டாக்டர் வந்தார். அவர் முகத்தைப் பார்த்தால் பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுக்க வருபவர்போல் இருந்தது. "எவனும் கண்டுபிடிக்க முடியாதுன்னு காலையிலதான் பீத்திக்கிட்டேன். என் வாயைக் கழுவணும்."

புத்தகத்தை ஜன்னலுக்கு எடுத்துப் போய், ஒரு தாளை வெயிலுக்கு நேராக உயர்த்தினார். தாள் முழுக்கப் பொன்னிறமாக ஒளிர, நடுவில் மிளகளவுக்கு ஒரு நிழல் வட்டம். அடுத்த தாள். அதே இடத்தில் வட்டம். அடுத்ததிலும் அதே.

"ஒட்டு வச்ச இடத்துல காகிதம் ரெட்டைத் தடிமன். கண்ணை ஏமாத்தலாம், விரலை ஏமாத்தலாம். வெளிச்சத்தை ஏமாத்த முடியாது. இதை ஒட்டினது நான். கொண்டு வந்து குடுத்தது," அவர் விரல் மேஜையைத் தாண்டிப் போனது, "அதோ, அந்தத் தம்பி."

எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள். மச்சான் அத்தரைப் பார்த்தான்.

"நான் அப்பவே சொன்னேன்ல அத்தான்," என்றான் அழாக்குறையாக. "ஓட்டையோடவே வித்துடலாம்னு!"

அத்தர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நகர நூலகத்துக்குக் கொண்டுபோனா அடையாளம் கண்டுக்குவாங்கன்னு கல்லூரிக்கு அனுப்பினீங்க," என்றார் அக்கா. "மூணு நூலகமும் முகம் குடுத்துப் பேசாதுன்னு ஊருக்கே தெரியும். இப்ப பேசறாங்கங்கறது மட்டும் உங்களுக்குத் தெரியல. அந்த வெப்சைட்டை ஒரு தடவை பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

தலைவர் எதையோ நினைவுக்குக் கொண்டுவந்து, மெதுவாகக் கேட்டார். "கூரை ஒழுகினப்ப அலமாரியெல்லாம் ஏத்தி வந்த லாரி... உங்க அப்பாவோடதுதானே? சும்மாவே ஓட்டித் தரேன்னு வந்தாரே. எவ்வளவு நல்ல மனுஷன்னு நாங்க மாலை கூடப் போட்டோம்."

அத்தர் எழுந்தார். பட்டுத் துணிப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார். வாசல்வரை போனவரிடம் அக்கா சொன்னார்: "சார், திருடினது யாருன்னு கண்டுபிடிக்கச் சொன்னீங்க. கண்டுபிடிச்சாச்சு. அறிக்கையைத் தபால்ல அனுப்பறேன்."

மேஜைமேல் நாலாம் தொகுதி தனியாகக் கிடந்தது. நூலகர் அம்மா ஒரு பக்கம் கைவைத்தார். தலைவர் மறுபக்கம் கைவைத்தார். ஒரு தலைமுறைச் சண்டை மறுபடி தொடங்கப்போகிறது என்று லொடுக்கு நினைத்தான்.

"இது கூடையில வந்ததும், நீங்கதான் மனசு மாறி வெளியில எடுத்துட்டீங்கன்னு நெனச்சேன்," என்றார் தலைவர். "கேட்டா குத்திக் காட்டின மாதிரி இருக்கும்னு விட்டுட்டேன்."

"நானும்தாங்க ஐயா," என்றார் நூலகர் அம்மா. அவர் குரல் உடைந்தது. சிரிப்பில் உடைந்ததா அழுகையில் உடைந்ததா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

தலைவர் கையை எடுத்தார். "மூணுக்குப் பக்கத்துலயே இது இருக்கட்டும். அஞ்சையும் ஆறையும் நாளைக்கு அனுப்பி வைக்கிறேன்." எழுந்து, கோட்டை உதறிக்கொண்டு, பழைய கண்டிப்போடு சேர்த்துச் சொன்னார்: "ஆனா ஒண்ணு. வண்டி எங்க வண்டி. நான் கூடவே உக்காந்து வருவேன்."

நூலகர் அம்மா துணிப்பையில் கைவிட்டு, எவர்சில்வர் டம்ளரை எடுத்துத் தன் மேஜைமேல், அது எப்போதும் இருக்கும் இடத்தில், வைத்தார்.